டிரம் கோர் நிகழ்ச்சி நடத்திக் கையைச் சுட்டுக்கொண்ட கதை

ஒஹாயோ மாநிலத்தில் நாங்கள் வசிக்கும் ஊரின் உயர்நிலைப் பள்ளி பேண்டு குழுவுக்குப் பெற்றோர் சங்கம் ஒன்று உண்டு. பிள்ளைகளின் சீருடை, வாத்தியங்களின் பழுது, பயணச் செலவு ஆகியவற்றுக்குப் பணம் திரட்டுவது அதன் வேலை. பல ஆண்டுகளாக அந்தச் சங்கம் கோடையில் ஒரு டிரம் கோர் நிகழ்ச்சியை நடத்தி, அதில் மிஞ்சியதைக் கொண்டு ஆண்டுச் செலவில் பெரும்பகுதியைச் சமாளித்து வந்தது. 2022ஆம் ஆண்டு அதை நடத்தும் பொறுப்பு, அப்போது பொருளாளராக இருந்த என் தலையில் விழுந்தது. அந்த ஒரே மாலையில் சங்கத்தின் கணக்கிலிருந்து 11,400 டாலர் போயிற்று. அடுத்த ஆண்டு அதே அரங்கத்தில், அதைவிடக் குறைந்த டிக்கெட் விலையில், பணம் மிஞ்சியது. இடையில் கற்றுக்கொண்டவற்றை எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. ஆகவே, இதே பொறுப்பில் மாட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பித்தளைக் குழல் வாத்தியங்களும், தாள வாத்தியங்களும், கொடி சுழற்றும் கலர் கார்டும் சேர்ந்த இளைஞர் குழுவே டிரம் கோர். பெரிய குழுக்களில் நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுவதையும் மேடையாகக் கொண்டு, பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடியும் நடந்தும் வடிவங்களை அமைத்துக் கலைத்தபடியே வாசிப்பார்கள். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை ஊர் ஊராகப் பேருந்தில் போவதும், பள்ளிகளின் உடற்பயிற்சிக்கூடத் தரையில் படுத்துறங்குவதும், பகலெல்லாம் வெயிலில் பயிற்சி செய்வதும், மாலையில் ஏதோ ஒரு ஊரின் அரங்கத்தில் போட்டியிடுவதும்தான் அவர்களுடைய கோடை. இந்தப் போட்டிகளை ஒருங்கிணைக்கும் டிரம் கோர் இன்டர்நேஷனல் தன் முதல் சாம்பியன்ஷிப்பை 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் நடத்தியது. இப்போது இறுதிச் சுற்று இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கிறது. ஆனால் அந்தக் கடைசி வாரத்துக்கு முன்னால் வரும் சிற்றூர் நிகழ்ச்சிகளில் பலவற்றைத் தாங்குபவர்கள் எங்களைப் போன்ற பள்ளிப் பெற்றோர்கள். பிள்ளைகளோ ஒரு கோடைக்குப் பல ஆயிரம் டாலர் தாங்களே கட்டணம் செலுத்தித்தான் அதில் சேர்கிறார்கள். என் மகள் பள்ளி பேண்டில் மெல்லோஃபோன் என்ற பித்தளைக் குழல் வாசித்தாள். இந்த உலகத்துக்குள் நான் நுழைந்த வழி அதுதான்.

2022 எப்படிப்பட்ட ஆண்டு என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டுப் பயணம் முழுவதுமாக ரத்தானது. 2021இல் மதிப்பெண் போடும் போட்டி இல்லை. இரண்டு கோடைகள் கழித்து முழுப் பயணம் மீண்டும் தொடங்கியபோது, அந்த ஜூன் மாதத்தில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம். டீசல் ஒரு கேலன் ஐந்தரை டாலரைத் தாண்டியிருந்தது. ஒரு பெரிய கோர் நான்கைந்து பேருந்துகளோடும், சமையல் லாரி, வாத்திய லாரி என்று சில பெரிய லாரிகளோடும் நகர்கிறது. அந்த வண்டிகள் ஒரு கேலனுக்கு ஆறேழு மைல் கொடுத்தால் அதிகம். போதாததற்குப் பேருந்து ஓட்டுநர்களுக்கும் தட்டுப்பாடு. செலவு அவர்கள் பக்கம் ஏறும்போது எங்களைப் போன்றவர்களிடம் கேட்கும் தொகையும் ஏறும் என்பது எவருக்கும் புரியும். பார்க்க வரும் குடும்பமும் அதே பெட்ரோல் பங்கில்தான் நிற்கிறது என்பதை ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் இருந்தவர்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பல ஆண்டுகள் இதை நடத்திய பெண்மணி தொற்றுக் காலத்தில் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவர் விட்டுச்சென்றது ஒரு தடித்த கோப்பும், 2019ஆம் ஆண்டு விலைப்பட்டியலும்தான். குழுவில் இருந்த மற்றவர்களுடைய பிள்ளைகள் அந்த இடைவெளியில் பள்ளியை முடித்துப் போய்விட்டார்கள். நான் வருவதற்கு முன்பே ஏழு கோர்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகி, உறுதித் தொகை எழுதப்பட்டிருந்தது. தொகையை இங்கே சொல்வது முறையன்று. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அது கட்டியே ஆகவேண்டிய பணம் என்பது மட்டும் போதும். அரங்க வாடகை, காவலர்கள், ஆம்புலன்ஸ், காப்பீடு, தற்காலிகக் கழிப்பறைகள், துப்புரவு, மின்விளக்கு, வாடகை ஒலிபெருக்கி, அச்சிட்ட நிகழ்ச்சிப் புத்தகம் எல்லாம் சேர்ந்து மொத்தச் செலவு 38,000 டாலருக்கு வந்து நின்றது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, பந்தியில் எத்தனை இலை விழும் என்று தெரியாமலே சமையலுக்குச் சொல்லிவிட்ட கல்யாண வீட்டுக்காரரின் நிலைதான் என் நிலை. கழிப்பறைக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்பணம் கேட்டபோது சங்கக் கணக்கில் இருப்பு போதாமல் 1,800 டாலரை என் சொந்த அட்டையில் போட்டேன். அதை வீட்டில் பல வாரம் சொல்லவில்லை.

டிக்கெட் விலை 25, 32, 40 டாலர் என்று மூன்று படிகளாக இருந்தது. செலவைத் தலைக்கு வகுத்து, போன முறை வந்த கூட்டமே இந்த முறையும் வரும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. இணையத்தில் வாங்கப் போனால் கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் ஏறி 25 என்பது கிட்டத்தட்ட 30 ஆகிவிடும். தமிழ்ச் சங்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு பெண், அவளுடைய மகன் அந்த ஆண்டுதான் டிரம்பெட் எடுத்திருந்தான், என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அக்கா, நாங்க நாலு பேரு நல்ல சீட்ல உக்காரணும்னா நூத்தைம்பது டாலருக்கு மேல ஆகுது. பசங்களுக்குப் பிடிக்குமான்னே தெரியாம எப்படிக்கா அவ்வளவு போடறது?” அவளுக்குச் சொல்லப் பதில் என்னிடம் இல்லை. இப்போது எவராவது விலை நிர்ணயம் பற்றி என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியைத்தான் திருப்பிச் சொல்கிறேன். டிரம் கோர் ரசிகர் ஒருவர் நாற்பது டாலர் கொடுப்பார். இருநூறு மைல் ஓட்டிக்கொண்டும் வருவார். ஆனால் எந்த ஊரிலும் அத்தகையவர்கள் அரங்கத்தை நிரப்பும் அளவுக்கு இருப்பதில்லை. மிச்சமுள்ள படிகளை நிரப்ப வேண்டியவர்கள் இதை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள். விலை அவர்களுடைய தயக்கத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும்.

நிகழ்ச்சி நாளன்று வானம் தெளிவாக இருந்தது. ஏழு மணிக்கு முதல் கோர் மைதானத்துக்குள் வந்தபோது கேலரியின் உச்சியில் நடுவர்களும் அறிவிப்பாளரும் உட்காரும் பிரஸ் பாக்ஸ் அறையின் வாசலில் நின்று கேலரியைப் பார்த்தேன். ஊர் அணி ஆதரவாளர்கள் உட்காரும் பக்கத்தில் 3,500 பேருக்கு இடம் உண்டு. பணம் கொடுத்து வந்திருந்தவர்கள் 780 பேர். நடுக்கோட்டுக்கு நேரே ஒரு திட்டு, இரு ஓரங்களிலும் வெறும் அலுமினியப் பலகை, அதன்மேல் சாயும் வெயில். பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர் முன்னால் வாசிப்பது போலவே வாசித்தார்கள். நிகழ்ச்சியின் உச்சத்தில் குழல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கேலரியை நோக்கி உயர்ந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த கணமே வெட்கமாகவும் இருந்தது. டிக்கெட்டில் 22,600, தின்பண்டத்திலும் புத்தக விளம்பரத்திலும் 4,000. மிச்சத்தைச் சங்கத்தின் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினேன். அந்த ஆண்டு குழு செல்லவிருந்த வெளிமாநிலப் பயணம் கைவிடப்பட்டது. கணக்கு வாசித்த கூட்டத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் ஒரு தந்தை, “இனிமேல் இது நமக்கு வேண்டாம், கார் கழுவிப் பணம் சேர்ப்போம்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால்தான் அது அதிகம் வலித்தது.

நிறுத்திவிடவே நானும் நினைத்தேன். ஆனால் ரசீதுகளை மேசையில் பரப்பிப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. நஷ்டத்தில் பெரும்பகுதி, கூட்டம் எவ்வளவு என்று தெரியும் முன்பே ஒப்புக்கொள்ளப்பட்ட செலவுகளால் வந்தது. அவற்றில் பாதி, யாரும் கேள்வி கேட்காமல் ஆண்டுதோறும் நகலெடுக்கப்பட்டவை. டிரம் கோர் ஒரு பக்கத்தைப் பார்த்து நிகழ்த்தப்படும் கலை. நடுவர்களும் பிரஸ் பாக்ஸும் உள்ள பக்கத்துக்குத்தான் வடிவமும் ஒலியும் பொருந்தும். எதிர்ப்பக்கக் கேலரியில் உட்காருபவருக்கு முதுகுதான் தெரியும். அப்படியிருந்தும் நாங்கள் முழு அரங்கத்தையும் வாடகைக்கு எடுத்து, எதிர்ப்பக்க வாசலுக்கும் காவலர் போட்டு, அங்கேயும் கழிப்பறை வைத்து, அதையும் துடைக்கப் பணம் கொடுத்திருந்தோம். 2023இல் எதிர்ப்பக்கத்தைப் பூட்டிவிட்டுப் பள்ளி மாவட்டத்திடம் பாதி அரங்கத்துக்கான வாடகை பேசினோம். உடனே காவலர் எண்ணிக்கை குறைந்தது. கட்டடத்துக்குள் இருக்கும் கழிப்பறைகளே போதுமானவை ஆயின. கோர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளைத் தாங்களே கொண்டுவருகின்றன. அறிவிப்பாளருக்குப் பள்ளியின் மைக்கே போதும். வெளியிலிருந்து ஒலி அமைப்பு எடுக்கத் தேவையே இல்லை. அச்சிட்ட புத்தகத்துக்குப் பதில் இருபுறமும் அச்சிட்ட ஒற்றைத் தாள். தனி நிகழ்ச்சிக் காப்பீடு எடுக்காமல், சங்கத்தின் ஆண்டுக் காப்பீட்டிலேயே இதையும் சேர்க்க முடியுமா என்று முகவரைக் கேட்டோம், சேர்த்தார்கள். ஜூன் கடைசியில் எங்கள் ஊரில் ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறது என்பதால் அரைமணி முன்னதாகத் தொடங்கி விளக்குச் செலவைக் குறைத்தோம். இங்கே ஒரு எச்சரிக்கை: கேலரி மேற்குப் பக்கம் இருந்தால்தான் இது சரிப்படும். கிழக்குப் பக்கக் கேலரியில் உட்கார்ந்தவர்கள் முதல் ஒன்றரை மணிநேரம் நெற்றியில் கைவைத்தே பார்க்க நேரும். ஏழு கோர் ஆறாகியது. எல்லாம் சேர்ந்து செலவு 31,000க்கு இறங்கியது.

காவலர், ஆம்புலன்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றில் மட்டும் கைவைக்கக் கூடாது. வெயிலில் ஆடிவிட்டு மைதான ஓரத்தில் சுருண்டு விழும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

விலையை அடுத்துப் பிரித்தோம். நடுக்கோட்டுக்கு நேரே உள்ள மேல்வரிசைகளுக்கு 30 டாலர். புதிதாக வருபவர் முன்வரிசைதான் சிறந்தது என்று நினைத்துக்கொள்வார். டிரம் கோரில் அது தலைகீழ். கீழே உட்கார்ந்தால் வடிவங்கள் தெரியாது. மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியமும் பெரிய டிரம்களும் முன்னால் நின்று மற்றதை மறைக்கும். 2022இல் முன்வரிசைக்கும் 32 டாலர் வாங்கியிருந்தோம், ஏமாந்துபோனவர்கள் பலர். 2023இல் அதே முன்வரிசையைக் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் மலிவாகக் கொடுத்தோம். பத்து வயதுப் பையனுக்கு வடிவம் பற்றிக் கவலை இல்லை. நெஞ்சில் அதிரும் சத்தம்தான் வேண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு 50 டாலர். எந்தப் பள்ளியுடையதாக இருந்தாலும் பேண்டு சட்டை போட்டுக்கொண்டு வரும் மாணவருக்கு 10 டாலர். அந்தச் சட்டை யோசனை எனக்கு வந்ததல்ல; எங்கள் பேண்டு ஆசிரியர் போகிறபோக்கில் சொன்னது. முந்தைய வாரமெல்லாம் அந்தச் சட்டைகளின் படங்களைப் பிள்ளைகள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டதே எங்களுக்கு விளம்பரமாயிற்று. சேவைக் கட்டணத்தை விலைக்குள்ளேயே அடக்கினோம். பட்டியலில் பார்த்த தொகைதான் அட்டையிலும் கழியும். கடைசி நாளில் விலை குறைக்கவே கூடாது என்றும் முடிவு செய்தோம். ஒருமுறை அப்படிச் செய்தால் முன்கூட்டி வாங்கியவர் அடுத்த ஆண்டு கடைசி நாள் வரை காத்திருப்பார். நமக்கோ மே மாதத்திலேயே பணம் தேவை.

கூட்டம் சேர்ப்பதில் மிக முக்கியமானது தேதி என்பேன். ஜூன் கடைசியில் பள்ளிகள் மூடியிருக்கும்; பேண்டு ஆசிரியர்கள் மின்னஞ்சல் பார்க்கமாட்டார்கள்; பிள்ளைகள் சிதறிப்போயிருப்பார்கள். நம்முடைய மிகப் பெரிய பார்வையாளர் கூட்டம் எட்டாமல் போகும் வாரம் அதுதான். ஆகவே, மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறைக்கு முன்பே சுற்றுவட்டாரப் பள்ளிகளின் பேண்டு ஆசிரியர்களை நேரில் பார்த்துவிட வேண்டும். நான் பார்த்தபோது கையில் கொண்டுபோனது சுவரொட்டி அல்ல; இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் தலைக்கு 10 டாலர், பேருந்து நிறுத்த இடம் இலவசம், அழைத்துவரும் ஆசிரியருக்கு நடுக்கோட்டு இருக்கை என்று எழுதிய ஒற்றைத் தாள். நடுநிலைப் பள்ளிகளை யாரும் நினைப்பதில்லை. இங்கே ஐந்தாம் ஆறாம் வகுப்பில்தான் பிள்ளைகள் வாத்தியம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு இலவசம் என்றால் குறைந்தது ஒரு பெற்றோராவது பணம் கொடுத்து உடன் வருவார். அரங்க வாசலில் ஊர் வாத்தியக் கடைக்காரர் ஒரு மேசை போட்டு, குழந்தைகள் ஊதிப் பார்க்கவும் தட்டிப் பார்க்கவும் விட்டார். அவருக்கு அது வாத்தியங்களை வாடகைக்கு விடும் வியாபாரம், எங்களுக்கு வரிசையில் நிற்கும் குடும்பங்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளே தேசிய கீதம் வாசித்தார்கள். நூறு பிள்ளைகள் வாசித்தால் தாத்தா பாட்டிகளோடு சேர்த்து முந்நூறு பேர் கேட்க வருவார்கள். இதைப் புரிந்துகொள்ள யாரும் சந்தையியல் படிக்க வேண்டியதில்லை.

நான் எதிர்பாராத கூட்டம் ஒன்றும் இருந்தது. முன்பெல்லாம் படைவீரர் சங்கங்களும் தேவாலயங்களும் காவல்துறைச் சிறுவர் மன்றங்களும் ஊர்ப் பிள்ளைகளுக்கு டிரம் கோர் நடத்தின. இதே மாநிலத்து கான்டன் நகரில் தொடங்கிய புளூகோட்ஸ் குழுவின் பெயரே அந்நகரக் காவலர்களைக் கௌரவிக்கும் பெயர். 1970களில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான கோர்கள் இருந்தன; இன்று சில டஜன்தான். ஆனால் அன்று வாசித்தவர்கள் எங்கும் போய்விடவில்லை. எழுபது வயதில் இதே ஊர்களில் ஓய்வாக இருக்கிறார்கள். படைவீரர் சங்கக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டிய தாளைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்த முதியவர் ஒருவர், தன் பழைய கோர் நண்பர்கள் பதினைந்து பேரை அழைத்துவந்தார். பழைய சட்டை தொப்பிகளோடு வந்த அவர்களை நுழைவாயிலில் உட்காரவைத்தோம். பின்னர் தன்னார்வலர் தட்டுப்பாடு வந்தபோது டிக்கெட் கிழித்ததும், வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பறைக் குழுவையும் வாசலில் அரைமணி நேரம் அடிக்கச் சொன்னோம். தாளம் என்றால் காது கொடுக்கும் கூட்டம் அது. ஒரு கோரில் ஸ்னேர் என்ற டிரம் வாசிப்பவர்கள் மூன்று பேர் தங்கள் பயிற்சி தொடங்கும் முன் அங்கே வந்து நின்று, பறையின் குச்சிப் பிடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பறையடித்த பிள்ளைகளின் குடும்பங்கள் அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்தன. என்னிடம் விலை கேட்ட அந்தப் பெண்ணும் குடும்பத்தோடு வந்திருந்தாள்.

இன்னொரு பெரிய சொத்து எங்கள் கண்ணெதிரே கிடந்தது: கோர்கள் உள்ளே வருவதற்கு முன் வண்டி நிறுத்தும் இடத்தில் செய்யும் வார்ம்-அப், அதாவது முன்பயிற்சி. டிரம் வரிசை அரைவட்டமாக நின்று, மெட்ரோனோம் என்ற தாளக் கருவி டிக் டிக்கென்று அடிக்க, ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். மூன்றடி தூரத்தில் நின்று பார்க்கலாம். குச்சிகள் ஒரே உயரத்தில் எழுந்து ஒரே உயரத்தில் விழுவது கண்ணுக்குத் தெரியும். ரசிகர்கள் இதைத் தேடியே முன்கூட்டி வருவார்கள். 2022இல், எங்களுக்குக் கிடைத்த பழைய வரைபடத்தின்படி, இந்தப் பகுதியைப் பாதுகாப்பு என்ற பெயரில் கயிறு கட்டி மறைத்திருந்தோம். 2023இல் நான்கு மணி முதல் அனைவரும் இலவசமாகப் பார்க்கலாம் என்று அறிவித்து, பக்கத்திலேயே டிக்கெட் மேசையையும் சாப்பாட்டு வண்டிகளையும் நிறுத்தினோம். கோர்களிடம் முன்னரே அனுமதி கேட்டு, வாசிப்பவர்களைச் சுற்றி இடைவெளி விட சுண்ணாம்புக் கோடு போட்டோம். இலவசமாகப் பார்க்க வந்து, பிறகு டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் அன்று மட்டும் நூறு பேருக்கு மேல். திரையரங்கிலும் இணையத்திலும் இந்தப் போட்டிகளைப் பார்க்கும் வசதி வந்தபின் நேரில் யார் வருவார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த வண்டி நிறுத்துமிடம்தான். ஒலிவாங்கியில் வராத பலவும் அங்கே உண்டு.

விளம்பரதாரர்களைப் பற்றி ஒரு குறிப்பு. பெரிய நிறுவனங்களுக்கு எழுதிக் காத்திருப்பதில் பயனில்லை. அவற்றின் ஆண்டு நிதி முந்தைய இலையுதிர்காலத்திலேயே பங்கிடப்பட்டிருக்கும். பிள்ளைகளோடு நேரடித் தொடர்புள்ள ஊர்த் தொழில்களைப் பாருங்கள். எங்களுக்கு முதலில் ஒப்புக்கொண்டவர் பல்வரிசை சீராக்கும் மருத்துவர். உதட்டால் ஊதும் பிள்ளைகளில் பாதிப்பேர் கம்பி போட்டவர்கள். அடுத்து இரண்டு கல்லூரிகளின் இசைத் துறைகளும், இந்திய மளிகைக் கடை ஒன்றும். இவர்களிடம் “ஆதரவு தாருங்கள்” என்று கேட்காமல், “ஆம்புலன்ஸ் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், அறிவிப்பில் உங்கள் பெயர் வரும்” என்று குறிப்பிட்ட ஒரு செலவைக் காட்டிக் கேட்டது பலித்தது. சமோசா விற்க நினைப்பவர்கள் மாவட்டச் சுகாதாரத் துறையின் தற்காலிக உணவு உரிமத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். கோர்களின் டீ-ஷர்ட் கடைகளிடம் பங்கு கேட்காதீர்கள். அவர்களுடைய டீசல் அந்த மேசையிலிருந்துதான் வருகிறது. 2023இல் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் 1,900 பேர். டிக்கெட்டில் 28,000 டாலருக்குச் சற்று மேல், விளம்பரதாரர்களும் உணவும் சேர்ந்து 8,800. கிட்டத்தட்ட ஆறாயிரம் மிஞ்சியது. கார் கழுவலாம் என்று சொன்னவர் அன்று இரவு பதினொரு மணிக்குக் குப்பைப் பை கட்டிக்கொண்டிருந்தார்.

2024இல் இடி வந்தது. மூன்றாவது கோர் முடிப்பதற்குள் மின்னல் தெரிந்தது. கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த முப்பது நிமிடம் ஒவ்வொரு இடிக்கும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கோர்கள் அடுத்த நாள் மாலை வேறு மாநிலத்தில் வாசிக்க வேண்டும் என்பதால் ஒத்திவைப்பு என்பது இங்கே இல்லை. மற்ற மூன்று கோர்களும் உடற்பயிற்சிக்கூடத்துக்குள் நின்றபடி வாசித்தன. அந்தச் சிறிய இடத்தில் அந்த ஒலியைக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் எல்லோருக்கும் உள்ளே இடமில்லை. பிள்ளைகளோடு வந்தவர்களை முதலில் அனுப்பினோம். திரும்பிப் போனவர்களுக்கு அடுத்த ஆண்டு பாதி விலை என்று சீட்டு எழுதிக் கொடுத்தோம். டிக்கெட்டில் “மழையானாலும் நடக்கும், பணம் திரும்பத் தரப்படாது” என்று முன்பே அச்சிட்டிருந்தும் அப்படிச் செய்தோம், ஏனென்றால் அவர்கள் முதல் முறை வந்தவர்கள். வாசலில் விற்க வேண்டிய டிக்கெட்டுகளில் ஏறத்தாழ 3,000 டாலர் போயிற்று. ஆனாலும் கையைக் கடிக்கவில்லை. முன்பதிவு மே மாதத்திலேயே வந்துவிட்டது. காவலர், ஆம்புலன்ஸ், அரங்கம் மூன்றையும் விளம்பரதாரர்கள் ஏற்றிருந்தார்கள். மழை வந்தாலும் யார் கட்டுவார் என்று தெரியாத செலவு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். உடற்பயிற்சிக்கூடத்தை அன்றைக்கு முன்பதிவு செய்து வைப்பதும், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதும் அதில் சேர்த்தி.

மகள் பள்ளியை முடித்ததும் பொறுப்பை இன்னொரு தாயிடம் ஒப்படைத்துவிட்டேன். அவரிடம் கொடுத்த கோப்பில் 2022ஆம் ஆண்டுக் கணக்கை முதல் பக்கமாக வைத்திருக்கிறேன். அதற்கடுத்து மே மாதத்துக்குள் பார்க்க வேண்டிய பேண்டு ஆசிரியர்களின் பட்டியல், பிறகு ஒவ்வொரு செலவுக்கும் எதிரே அதை ஏற்ற விளம்பரதாரரின் பெயர். மிஞ்சும் பணத்தில் பாதியைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டு மறுபாதியை நிகழ்ச்சியின் பெயரில் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று சங்கத்தின் விதியிலேயே சேர்த்துவிட்டோம். இனி யாரும் முன்பணத்துக்குத் தன் அட்டையை நீட்ட வேண்டாம். கூட்டம் வளர்ந்திருப்பதால் பேண்டு சட்டை மாணவர்களுக்கான பத்து டாலரைப் பதினைந்தாக்கலாம் என்று இப்போது குழுவில் பேச்சு நடக்கிறது. என்னைக் கேட்டார்கள். நடுக்கோட்டு இருக்கையில் ஐந்து டாலர் ஏற்றுங்கள், அந்தப் பத்து டாலரைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.